அண்டோரா விசா கேட்பதில்லை, ஆனாலும் இரண்டு நுழைவு ஷெங்கன் விசா இல்லாமல் கிளம்பாதீர்கள்

ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் நடுவே, பிரனீஸ் மலைகளுக்குள் 468 சதுர கிலோமீட்டர் பரப்பில் இருக்கும் நாடு அண்டோரா. எந்த நாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவரிடமும் அது சுற்றுலா விசா கேட்பதில்லை. 90 நாள் வரை தங்கலாம். அதற்கென்று படிவமும் இல்லை, கட்டணமும் இல்லை. இதை மட்டும் படித்துவிட்டுப் பயணத்தைத் திட்டமிடுபவர்கள்தான் சிக்கிக்கொள்கிறார்கள்.

அண்டோராவுக்குள் விமான நிலையம் கிடையாது, ரயில் கிடையாது, கடலும் கிடையாது. தெருப்பக்கம் வாசலே இல்லாத வீடு மாதிரி. பக்கத்து வீட்டு முற்றம் வழியாகத்தான் போகவும் வேண்டும், வரவும் வேண்டும். அந்த இரண்டு முற்றங்களும் ஷெங்கன் பகுதி, அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிவிட்டு, ஒரே விசாவில் போய் வர விடும் ஐரோப்பிய நாடுகளின் கூட்டம். அண்டோரா ஐரோப்பிய ஒன்றியத்திலும் இல்லை, ஷெங்கனிலும் இல்லை. யூரோ செலவழிகிறது என்பதால் எல்லாம் ஒரே பகுதி என்று நினைத்துவிடக் கூடாது.

கணக்கைப் பாருங்கள். பார்சிலோனாவில் இறங்கும்போது ஷெங்கனுக்குள் முதல் நுழைவு. பேருந்தில் அண்டோரா எல்லையைத் தாண்டியதும் சட்டப்படி ஷெங்கனை விட்டு வெளியேறிவிட்டீர்கள். திரும்ப விமானம் பிடிக்க ஸ்பெயினுக்கோ பிரான்சுக்கோ வந்தால் அது இரண்டாவது நுழைவு. ஒற்றை நுழைவு விசா முதல் நுழைவோடு முடிந்துவிடும். அதை வைத்துக்கொண்டு அண்டோராவுக்குள் போய்விடலாம். வெளியே வர உரிமை இருக்காது. வேறு வழியாக வரலாம் என்றால் வேறு வழியே இல்லை.

எல்லையில் ஒவ்வொரு வண்டியையும் நிறுத்திப் பார்ப்பதில்லை என்பது உண்மைதான். ‘நான் ஒற்றை நுழைவில் போய் வந்தேன், யாரும் கேட்கவில்லை’ என்று சொல்பவர்களும் இருப்பார்கள். அதை நம்பிப் போகாதீர்கள். சோதனை நடக்கும் நாளில் நீங்கள் செல்லுபடியாகாத விசாவோடு ஷெங்கனுக்குள் நுழைய முயன்றவர் ஆகிவிடுவீர்கள். அடுத்தடுத்த விசா விண்ணப்பங்களிலும் அது எதிரொலிக்கும்.

இந்தச் சிக்கல் ஐரோப்பாவின் எல்லாக் குட்டி நாடுகளுக்கும் பொருந்தாது. லிக்டென்ஸ்டைன் 2011 டிசம்பரிலிருந்து ஷெங்கன் உறுப்பு நாடு. மொனாக்கோ பிரான்சின் வழியே ஷெங்கன் எல்லைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. சான் மரினோவுக்கும் வத்திக்கானுக்கும் இத்தாலியிலிருந்து எல்லைச் சோதனை இல்லாமல் போய் வரலாம். ஆகவே அங்கெல்லாம் ஒற்றை நுழைவு போதும். அண்டோரா மட்டும் தனி.

யாருக்கு விசா வேண்டும்

இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா கட்டாயம். மலேசியா, சிங்கப்பூர், மொரீஷியஸ், பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் குடிமக்களுக்கு எந்த 180 நாளிலும் 90 நாள் வரை விசா வேண்டாம். அவர்களுக்கு நுழைவு எண்ணிக்கை என்ற தொல்லையும் இல்லை. அவர்களுக்காக எட்டியாஸ் என்ற இணைய முன் அனுமதி 2026இன் கடைசிக் காலாண்டில் தொடங்கும், கட்டணம் 20 யூரோ என்று ஐரோப்பிய ஒன்றியம் அறிவித்திருக்கிறது. கிளம்பும் முன் அது நடைமுறைக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள்.

இங்கே பாஸ்போர்ட்டைத்தான் பார்க்க வேண்டும், எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதை அல்ல. லண்டனில் வசிக்கும் இலங்கை பாஸ்போர்ட்காரருக்கும், கிரீன் கார்டு வைத்திருக்கும் இந்தியருக்கும் விசா வேண்டும். அவர்கள் சட்டப்படி குடியிருக்கும் நாட்டிலுள்ள தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஷெங்கன் நாடு ஒன்றின் குடியிருப்பு அனுமதி அட்டை வைத்திருப்பவர்கள் மட்டும் பாஸ்போர்ட்டும் அட்டையுமாகப் போய் வரலாம். அவர்களுக்குத் தனி விசா தேவையில்லை.

ஸ்பெயினா, பிரான்சா

அண்டோரா ஷெங்கன் விசா தருவதில்லை. அதனால் அண்டோராதான் முக்கிய இலக்கு என்றாலும் விண்ணப்பம் ஸ்பெயினுக்கோ பிரான்சுக்கோதான் போக வேண்டும். எங்கே என்பதை முடிவு செய்ய, அண்டோராவில் தங்கும் இரவுகளைக் கழித்துவிட்டு மீதியைப் பாருங்கள். பார்சிலோனாவில் 4 இரவு, அண்டோராவில் 3, பிரான்சின் தூலூஸ் நகரில் 2 என்றால் ஸ்பெயின். பார்சிலோனாவில் 2, அண்டோராவில் 5, தூலூஸில் 2 என்று சமமாக வந்தால் முதலில் எந்த நாட்டுக்குள் நுழைகிறீர்களோ அந்த நாடு. போவதும் வருவதும் பார்சிலோனா வழியாகவே என்றால் யோசிக்கவே வேண்டாம், ஸ்பெயின்தான். இத்தாலியில் ஒரு வாரம் சுற்றிவிட்டு அண்டோராவை இடையில் செருகுபவர்கள் இத்தாலியில் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு நுழைவு வேண்டும் என்ற விஷயம் அப்போதும் மாறாது.

நேர்காணல் தேதி சீக்கிரம் கிடைக்கிறது என்பதற்காக வேறு நாட்டில் விண்ணப்பிப்பது நல்ல யோசனை அல்ல. பயணத் திட்டமும் விண்ணப்பித்த நாடும் பொருந்தவில்லை என்றால் விண்ணப்பத்தையே எடுத்துக்கொள்ளாமல் திருப்பிவிடலாம். விசா கிடைத்த பிறகும் விமான நிலையத்தில் கேள்வி வரலாம்.

நேரமும் கட்டணமும்

பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி வரம்பு 15 நாள் முன்பு. முடிவு சொல்லத் தூதரகத்துக்கு 15 நாள் அவகாசம், கூடுதல் விசாரணை தேவைப்பட்டால் 45 நாள் வரை நீளும். கோடை விடுமுறைக்கும் பனிச்சறுக்குப் பருவத்துக்கும் நேர்காணல் தேதி கிடைப்பதே கஷ்டம் என்பதால் மூன்று மாதம் முன்பே தொடங்குவதுதான் நிம்மதி. கட்டணம் 2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 வயது முதல் 12 வயதுக்குள் 45 யூரோ, 6 வயதுக்குக் கீழ் இலவசம். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்ப வராது.

விரல்ரேகையை 59 மாதம் வரை மீண்டும் பயன்படுத்தலாம். அந்தக் காலத்துக்குள் ஏற்கெனவே ஷெங்கன் விசாவுக்காகக் கொடுத்திருந்தால், பழைய விசா நகலை இணைத்து அதைக் குறிப்பிடுங்கள். 12 வயதுக்குக் கீழ் விரல்ரேகை எடுப்பதில்லை.

காகிதக் கட்டு

பாஸ்போர்ட்டில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்: கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும், ஷெங்கனை விட்டுக் கடைசியாகக் கிளம்பும் தேதிக்குப் பிறகு குறைந்தது 3 மாதம் செல்லுபடி இருக்க வேண்டும், இரண்டு வெற்றுப் பக்கம் வேண்டும். புகைப்படம் 35க்கு 45 மில்லிமீட்டர். பூர்த்தி செய்து கையெழுத்திட்ட படிவம், போக வர விமான முன்பதிவு, எல்லா இரவுகளுக்கும் தங்குமிடச் சான்று, மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு விவரம், வேலை அல்லது தொழில் சான்று. பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழும் பெற்றோர் இருவரின் கையெழுத்தும். இவை எல்லா ஷெங்கன் விண்ணப்பத்துக்கும் பொதுவானவை. தூதரகத்துக்குத் தூதரகம் பட்டியலில் சிறு மாற்றம் இருக்கும். நீங்கள் விண்ணப்பிக்கும் இடத்தின் பட்டியலை அச்சிட்டு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். அண்டோராவுக்கென்று தனியாகக் கவனிக்க வேண்டியவை கீழே.

முதலில் படிவம். எத்தனை நுழைவு வேண்டும் என்ற கேள்விக்கு ஒன்று, இரண்டு, பல என்று மூன்று கட்டங்கள் இருக்கும். அங்கே ‘இரண்டு’ அல்லது ‘பல’ என்பதைக் குறியுங்கள். முகவர் மூலம் நிரப்பினால் இந்தக் கட்டத்தை நீங்களே பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்; பழக்கத்தில் ‘ஒன்று’ என்று தட்டிவிடுவது மிகச் சாதாரணம். பயணம் தொடங்கும் தேதி, முடியும் தேதி என்ற இடத்தில் முதல் நுழைவிலிருந்து கடைசி வெளியேற்றம் வரை முழுப் பயணத்தையும் கொடுங்கள். அண்டோரா நாட்களைக் கழித்துவிட்டு எழுதாதீர்கள்.

கட்டத்தைக் குறித்தால் மட்டும் போதாது. இரண்டு நுழைவு ஏன் என்று அதிகாரிக்குத் தெரிய வேண்டும். பயண விளக்கக் கடிதத்தில் இரண்டே வரி: ‘இன்ன தேதியில் பார்சிலோனாவிலிருந்து பேருந்தில் அண்டோரா செல்கிறேன், இன்ன தேதியில் திரும்ப ஸ்பெயினுக்குள் நுழைகிறேன். அண்டோரா ஷெங்கன் பகுதிக்கு வெளியே இருப்பதால் இரண்டாவது நுழைவு தேவைப்படுகிறது.’ இதை ஆங்கிலத்திலோ, விண்ணப்பிக்கும் நாட்டின் மொழியிலோ எழுதுங்கள். கூடவே அண்டோரா விடுதி முன்பதிவும், முடிந்தால் பேருந்துச் சீட்டு முன்பதிவும் இருக்கட்டும். அண்டோராவில் ஒரு நாள் தலைகாட்டிவிட்டு வருவதாக இருந்தாலும் நாள்வாரித் திட்டத்தில் அதற்கென்று ஒரு வரி எழுதியாக வேண்டும். காகிதத்தில் அண்டோரா இல்லை என்றால், ஒரே நாட்டுக்குள் சுற்றும் பயணிக்கு ஒற்றை நுழைவு போதும் என்று அதிகாரி நினைப்பதில் தவறே இல்லை.

எத்தனை நுழைவு என்பதை முழுப் பயணத்தையும் வைத்து எண்ணுங்கள். அண்டோரா ஒரு முறை என்றால் இரண்டு. அதோடு நடுவில் லண்டனுக்கோ டப்ளினுக்கோ போய் வந்தால் மூன்று. அப்போது ‘பல’ என்றுதான் கேட்க வேண்டும். ஸ்பெயினின் தெற்கு முனையை ஒட்டிய பிரிட்டிஷ் பகுதியான ஜிப்ரால்டரைத் திட்டத்தில் சேர்த்தால் அங்கே அப்போதைய எல்லை நடைமுறை என்ன என்று தனியாகப் பாருங்கள்.

முன்பு ஷெங்கன் விசா பெற்று ஒழுங்காகப் போய் வந்தவர்களுக்குப் பல நுழைவு எளிதாகும். பொது விதிப்படி, கடந்த 2 ஆண்டில் 3 விசா பெற்று முறையாகப் பயன்படுத்தியிருந்தால் ஓராண்டு பல நுழைவு விசா கிடைக்க வேண்டும். இந்தியாவில் வசிக்கும் இந்தியர்களுக்கு 2024 ஏப்ரலில் தனிச்சலுகை வந்தது: முந்தைய 3 ஆண்டில் 2 விசா பெற்றுப் பயன்படுத்தியிருந்தால் 2 ஆண்டு விசா, அதற்கு அடுத்து, பாஸ்போர்ட் அவ்வளவு காலம் செல்லுபடியானால், 5 ஆண்டு விசா. உங்களுக்கு இது பொருந்தினால் பழைய விசாக்களின் நகலையும் நுழைவு, வெளியேற்ற முத்திரைப் பக்கங்களையும் சேர்த்து வையுங்கள்.

காப்பீட்டில் ஒளிந்திருக்கும் ஓட்டை

ஷெங்கன் விதி கேட்பது குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு, எல்லா ஷெங்கன் நாடுகளிலும் செல்ல வேண்டும் என்பதுதான். மலிவான ‘ஷெங்கன் திட்டம்’ வாங்கினால் விசா கிடைத்துவிடும். ஆனால் நீங்கள் மலையேறப் போகும் அண்டோரா அந்த நாடுகளின் பட்டியலில் இல்லை! அங்கே கால் முறிந்தால் அந்தக் காப்பீடு கைகொடுக்காமல் போகலாம். வாங்கும்போதே ‘ஐரோப்பா முழுவதும்’ அல்லது ‘உலகம் முழுவதும்’ என்ற திட்டத்தை எடுத்து, சான்றிதழில் ஷெங்கன் நாடுகளும் அண்டோராவும் அடங்குகின்றனவா என்று எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். பனிச்சறுக்குக்குப் போகிறவர்கள் குளிர்கால விளையாட்டு, மலை மீட்பு, ஹெலிகாப்டர் செலவு ஆகியவற்றுக்கான கூடுதல் பிரிவைச் சேர்க்க வேண்டும். சாதாரணப் பயணக் காப்பீடு பல நேரம் இவற்றை விலக்கிவைத்திருக்கும். கிராண்ட்வலீரா போன்ற பெரிய பனிச்சறுக்குத் தளங்களில், குறியிட்ட தடங்களுக்கு வெளியே போனால் செல்லாது என்ற நிபந்தனையும் பெரும்பாலான காப்பீடுகளில் உண்டு.

எவ்வளவு பணம் காட்ட வேண்டும்

ஸ்பெயின் விதியில் ஆளுக்கு ஒரு நாளைக்கு, அந்த ஆண்டுக்கான ஸ்பானிய மாதக் குறைந்தபட்ச ஊதியத்தில் 10 சதவீதம். அதோடு, எத்தனை நாள் தங்கினாலும் மொத்தம் அந்த ஊதியத்தின் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அதாவது 4 நாள் பயணமானாலும் 9 நாளுக்கான பணம் காட்ட வேண்டும். குறுகிய பயணம் போகிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். பிரான்சில் விடுதி முன்பதிவு இருக்கும் நாள் ஒவ்வொன்றுக்கும் 65 யூரோ, இல்லாத நாள் ஒவ்வொன்றுக்கும் 120 யூரோ. அண்டோராவில் இருக்கும் நாட்களையும் கூட்டியே கணக்குப் போடுங்கள். விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் எங்கிருந்தோ வந்து விழுந்த பெரிய தொகையைவிட, மாதா மாதம் சம்பளம் வந்து செலவாகி மிஞ்சும் கணக்குக்குத்தான் மதிப்பு.

பாஸ்போர்ட் கைக்கு வந்ததும்

மையத்தை விட்டு நகரும் முன் விசா ஒட்டியைப் படியுங்கள். நுழைவு எண்ணிக்கை என்ற இடத்தில் ‘02’ அல்லது ‘மல்ட்’ (MULT, அதாவது பல நுழைவு) என்று இருக்க வேண்டும். ‘01’ என்றிருந்தால் அன்றே தூதரகத்துக்கு எழுதுங்கள். படிவத்தில் இரண்டு கேட்டிருந்தீர்கள், அண்டோரா முன்பதிவு இணைத்திருந்தீர்கள் என்பதை நகலோடு காட்டினால் திருத்தம் கேட்க இடம் உண்டு. திருத்தம் கிடைக்காவிட்டால் அண்டோராவைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுவதே சரி. பிரனீஸ் மலைகளை ஸ்பெயின் பக்கமும் பிரான்ஸ் பக்கமும் தாராளமாகப் பார்க்கலாம்.

அடுத்து, எந்த நாடுகளில் செல்லும் என்ற வரியில் ஷெங்கன் நாடுகள் முழுவதும் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு செல்லுபடிக் காலமும் தங்கும் நாட்களும். இவை இரண்டும் வேறு. தேதி வரம்பு பெரும்பாலும் 15 நாள் கூடுதலாக இருக்கும். தங்கும் நாட்கள் அப்படிக் கூடாது. ‘10 நாள்’ என்றிருந்தால் 25 நாள் தேதி வரம்பு இருந்தாலும் 10 நாள்தான்.

அண்டோராவில் கழித்த நாட்கள் சட்டப்படி ஷெங்கன் நாட்கள் அல்ல. ஆனால் அதை நிரூபிக்க வெளியேறிய பதிவு வேண்டும். அண்டோரா எல்லையில் எல்லோருக்கும் அப்படி ஒரு பதிவு விழும் என்று நம்ப முடியாது. ஷெங்கனின் வெளி எல்லைகளில் முத்திரைக்குப் பதிலாக விரல்ரேகையும் முகப்படமும் பதியும் மின்னணு முறை 2025 அக்டோபர் 12 அன்று தொடங்கியது. நாட்களை இனி கணினியே எண்ணும். ஆகவே அண்டோரா நாட்களையும் ஷெங்கன் நாட்களாகவே எண்ணித் திட்டமிடுங்கள். மூன்று நாள் லாபம் பார்க்கப் போய், கூடுதலாகத் தங்கியவர் என்ற பெயர் வாங்க வேண்டியதில்லை.

வழியும் எல்லையும்

பார்சிலோனாவிலிருந்தும் தூலூஸிலிருந்தும் தலைநகர் அண்டோரா லா வெல்லாவுக்கு நேரடிப் பேருந்துகள் உண்டு. பார்சிலோனா விமான நிலையத்திலிருந்தே ஏறலாம். மூன்று, மூன்றரை மணி நேரம். ஸ்பெயின் பக்க எல்லை சான்ட் ஜூலியா தெ லோரியா ஊருக்குத் தெற்கே. பிரான்ஸ் பக்க எல்லை பாஸ் தெ லா காசா, கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல். பிரான்ஸ் பக்கச் சாலை பனிப்பொழிவிலும் பனிச்சரிவு அபாயத்திலும் மூடப்படுவதுண்டு. குளிர்காலத்தில் போகிறவர்கள் ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவை அண்டோராவில் வைக்காதீர்கள். மலையை விட்டு இறங்கி பார்சிலோனாவிலோ தூலூஸிலோ தங்குங்கள். விசாவின் கடைசி நாளில் சாலை மூடினால் விமானமும் போகும், விசா நாளும் தாண்டும்.

எல்லா ஆவணங்களையும் அச்சில் வைத்திருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோமிங் விதி அண்டோராவுக்குப் பொருந்தாது. ஸ்பெயினில் வாங்கிய சிம் எல்லை தாண்டியதும் இணையத்தை நிறுத்திவிடலாம், அல்லது எதிர்பாராத கட்டணம் ஏறலாம். விடுதி முன்பதிவும் காப்பீடும் திரும்பும் விமானச் சீட்டும் கைபேசிக்குள் மட்டும் இருந்தால், கேட்கும் இடத்தில் திறக்க முடியாது.

சோதனை பெரும்பாலும் அண்டோராவை விட்டு வெளியே வரும்போதுதான், அதுவும் சுங்கச் சோதனை. அங்கே வரி குறைவு என்பதால் கடைவீதி மலிவு. அதனால்தான் ஸ்பானிய, பிரெஞ்சு சுங்கத்தார் வண்டிகளை நிறுத்துகிறார்கள். பெரியவர் ஒருவருக்கு வரியில்லா வரம்பு: 900 யூரோ வரை தொழிற்சாலைப் பொருட்கள், 300 சிகரெட், 22 சதவீதத்துக்கு மேற்பட்ட மது 1.5 லிட்டர். 1,200 யூரோ கேமரா ஒன்றை இருவர் வரம்பையும் கூட்டிக் கொண்டுவர முடியாது. ஒரு பொருள் ஒருவர் கணக்கில்தான் வரும். ரசீதைக் கையில் வையுங்கள். பையைத் திறக்கச் சொல்பவர் பாஸ்போர்ட்டையும் கேட்கலாம். ‘02’ என்ற அந்த எண் அங்கேதான் உதவும்.

மறுத்தால்

மறுப்புக் கடிதத்தில் காரணம் குறியிட்டிருக்கும். ஸ்பெயின் மறுத்தால் அதே தூதரகத்தில் மறுபரிசீலனை கேட்க ஒரு மாதம், மாட்ரிட் உயர் நீதிமன்றம் போக இரண்டு மாதம் அவகாசம். பிரான்ஸ் மறுத்தால் 30 நாளுக்குள் நாந்த் நகரிலுள்ள விசா பிரிவுக்கு முறையிட வேண்டும். பயண நோக்கம் தெளிவாக இல்லை என்பது காரணமானால், முறையீட்டைவிட, குறையைச் சரிசெய்து புதிதாக விண்ணப்பிப்பதே பெரும்பாலும் விரைவு. அதே காகிதங்களோடு மறுபடி போனால் அதே பதில்தான் வரும்.

90 நாளுக்கு மேல் தங்கவோ, பனிச்சறுக்குப் பருவத்தில் வேலை பார்க்கவோ நினைத்தால் இந்த வழி உதவாது. அதற்கு அண்டோரா அரசின் குடிவரவுத் துறையிடம் தனி அனுமதி வாங்க வேண்டும். வேலை தருபவரோடு ஒப்பந்தம் போன்ற ஆவணங்கள் கேட்பார்கள். அந்த அனுமதி கிடைத்தாலும் ஸ்பெயின், பிரான்ஸ் மண்ணைத் தாண்டிப் போக ஷெங்கன் விதிகள் அப்படியே இருக்கும் என்பதால், இரண்டு பக்க ஏற்பாட்டையும் ஒன்றாகத் தொடங்குங்கள்.